பயான் பதிவில் குரல் தெளிவாகக் கேட்க...



மதரஸா ஆண்டு விழாவில் ஒரு சிறுமி பேசியதைச் செல்போனில் படம்பிடித்து, சவூதியில் வேலை பார்க்கும் அவளுடைய தந்தைக்கு அனுப்பி வைத்தோம். முகம் பளிச்சென்று தெரிந்தது. கேட்டதோ ஃபேன் சத்தமும் முன்வரிசைப் பிள்ளைகளின் பேச்சும்தான். "என்ன பேசினாள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பேச்சு எல்லோரையும் சென்றடைய வேண்டும் என்ற கவலை நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 10-இல் அரஃபாவில் நபி (ஸல்) அவர்கள் ஆற்றிய உரையை, ரபீஆ இப்னு உமைய்யா என்பவர் உரத்த குரலில் திரும்பச் சொல்லி மக்களுக்குக் கேட்கச் செய்தார் என்று ஸீரா நூல்களில் வருகிறது.

செல்போனில் குரல் கெடுவதற்கு முதல் காரணம் தூரம். பேசுபவரிடமிருந்து 1 அடியில் இருக்கும் மைக்கை 2 அடிக்குத் தள்ளினால் நேராக வரும் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒன்றாகிவிடும். 20 அடியில் நானூறில் ஒன்று. ஆனால் தலைக்கு மேல் ஓடும் ஃபேனும், டைல்ஸ் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் குறைவதில்லை. விலை உயர்ந்த செல்போன் வாங்கினாலும் இது மாறாது. மைக்தான் பேசுபவர் அருகே போக வேண்டும்.

எளிய வழி, இரண்டு செல்போன். ஒன்று ஸ்டாண்டில் நின்று படம் எடுக்கட்டும். மற்றொன்றில் வயர் உள்ள காலர் மைக்கைச் செருகி, குரல் பதிவை ஓடவிட்டு, ஹஜ்ரத்தின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். அதை ஏரோபிளேன் மோடில் போட மறக்கக் கூடாது. நடுவில் ஓர் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தாடியோ சால்வையோ உரசினால் கரகரவென்று கேட்கும், சற்று ஓரமாகக் குத்துங்கள். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன் ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு எடிட் செய்யும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம்.

மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து நேராக வயர் இழுத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஒலி செல்போனின் மைக் துளைக்கு மிக அதிகம், குரல் உடைந்துபோகும். இடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு கருவி வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் செல்போனை வைப்பதும் வேண்டாம்.

பேசுபவரின் பக்கம் திரும்பியிருக்கும் பெடஸ்டல் ஃபேனைச் சற்றுத் திருப்பிவிடுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். விரிப்பு விரித்தால் எதிரொலி குறையும். நம் மாடம்பாக்கத்தில் இன்னொன்று உண்டு: தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போகும்போது எந்த மைக்கும் தப்பாது. பேசுபவரிடம் முன்பே சொல்லி வைத்தால் சில நொடி நிறுத்துவார்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு நிமிடம் பதிவு செய்து, இயர்போனில் கேட்டுப் பாருங்கள். பேசுபவரின் அனுமதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெண்கள் நிகழ்ச்சியில் இது கட்டாயம்.