பச்சையைத் தொலைத்த செடிகள்: அம்மையார் கூந்தலும் கொத்தானும் சொந்தமா? டி.என்.ஏ சொல்லும் கதை

வேலியிலோ மரத்திலோ மஞ்சள் நூலை அள்ளிக் கொட்டின மாதிரி ஒரு கொடி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. இலை என்று சொல்ல எதுவும் இருக்காது. வேரும் மண்ணில் இருக்காது. ஆனாலும் செழிப்பாக வளரும். அதுதான் அம்மையார் கூந்தல். பள்ளிப் பாடத்தில் 'கஸ்குட்டா' என்று படித்தோமே, அதே கொடி.

கடற்கரைப் பக்கமும் புதர்க்காடுகளிலும் இதே தோற்றத்தில் இன்னொரு கொடி உண்டு. பெயர் கொத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்வோம். ஆனால் உண்மையில் அம்மையார் கூந்தல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்தானோ பிரியாணிக்குப் போடும் பட்டை குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நெருங்கிய உறவே கிடையாது!

அப்படியென்றால் ஒரே மாதிரி இருப்பது எப்படி? செடிகளின் சொந்தபந்தத்தை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பார்க்கலாம்.

குளோரோபிளாஸ்டுக்குத் தனி டி.என்.ஏவா?

ஆமாம். இலைக்குப் பச்சை நிறம் தருவதும், சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதும் குளோரோபிளாஸ்ட் எனப்படும் பசுங்கணிகம். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இது தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடியேறிவிட்டது. வரும்போது கொண்டுவந்த டி.என்.ஏவில் ஒரு பகுதியை இன்றும் தன்னிடமே வைத்திருக்கிறது.

1986-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் புகையிலைச் செடியின் குளோரோபிளாஸ்ட் டி.என்.ஏவை முழுவதுமாகப் படித்து முடித்தார்கள். அதில் இருந்தது சுமார் 1.55 லட்சம் எழுத்துகள். பெரும்பாலான பச்சைச் செடிகளில் இந்த அளவு 1.2 லட்சத்திலிருந்து 1.6 லட்சத்துக்குள் இருக்கும்.

பச்சைச் செடிகளில் இந்த டி.என்.ஏ மெதுவாகத்தான் மாறும். அதனால் இரண்டு செடிகளின் குளோரோபிளாஸ்ட் மரபணுக்களை ஒப்பிட்டால் யாருக்கு யார் சொந்தம் என்று கணிக்க முடியும். கிட்டத்தட்ட ஒரு ரேஷன் கார்டு மாதிரி!

ஒட்டுண்ணி ஆனால் என்ன ஆகும்?

பூக்கும் தாவரங்களில் சுமார் 100-ல் ஒன்று ஒட்டுண்ணி. பரிணாம வரலாற்றில் இந்த வாழ்க்கைமுறை சுமார் 12 முறை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. அம்மையார் கூந்தலும் கொத்தானும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே உருவத்துக்குச் சேர்ந்தது இப்படித்தான்.

எல்லா ஒட்டுண்ணியும் ஒரே ரகம் இல்லை. நம்ம சந்தன மரமே பாதி ஒட்டுண்ணி என்பது தெரியுமா? பச்சை இலையால் உணவு தயாரிக்கும். ஆனால் மண்ணுக்கடியில் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துத் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். புல்லுருவியும் அப்படித்தான், வேருக்குப் பதில் கிளையில்.

முழு ஒட்டுண்ணியாக மாறும்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. சாப்பாடு வெளியிலிருந்து வந்துவிட்டால் வீட்டு அடுப்பு எதற்கு? ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, பிறகு காணாமலே போகின்றன. எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள்:

• அம்மையார் கூந்தல்: சுமார் 1.21 லட்சம் எழுத்துகள். ஒளிச்சேர்க்கைக்குத் துணை நிற்கும் ஒரு மரபணுக் கூட்டம் அவுட். முக்கியமானவை இன்னும் இருக்கின்றன.

• எபிஃபேகஸ்: வட அமெரிக்காவில் பீச் மரத்தின் வேரில் வளர்வது. 1992-ல் படிக்கப்பட்டது. 70,028 எழுத்துகள், 42 மரபணுக்கள். ஒளிச்சேர்க்கைக்கான மரபணு ஒன்றுகூட இல்லை.

• பைலோஸ்டைலஸ்: இன்னொரு செடியின் தண்டுக்குள்ளேயே வாழ்ந்து, பூக்க மட்டும் வெளியே எட்டிப் பார்ப்பது. இதன் ஆப்பிரிக்க இனத்தில் மிச்சம் இருப்பது வெறும் 11,348 எழுத்துகள்.

ஏன் முழுசாகத் தூக்கிப் போடவில்லை?

உணவு தயாரிப்பதே இல்லை என்றால் அந்த மிச்சம் மட்டும் எதற்கு? காரணம், குளோரோபிளாஸ்ட் ஒரு அடுப்பு மட்டும் இல்லை. கொழுப்பு அமிலம் உருவாக்குவது உட்பட செல்லுக்குத் தேவையான வேறு சில வேலைகளும் அங்கே நடக்கின்றன. அதற்கான மரபணுக்களைத் தொலைத்தால் செடியே காலி. அடுப்பை விற்றாலும் சமையலறைக் குழாயை அடைக்க முடியாத நிலைமை.

அதையும் தொலைத்த ரஃப்ளீசியா

உலகின் மிகப் பெரிய பூ ரஃப்ளீசியா. அகலம் சுமார் ஒரு மீட்டர். இலை, தண்டு, வேர் எதுவும் கிடையாது. திராட்சை, பிரண்டை குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கொடிக்குள் நூலிழை மாதிரி வாழும்.

2014-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு ரஃப்ளீசியா இனம் ஒன்றில் தேடியபோது, குளோரோபிளாஸ்ட் டி.என்.ஏ முழுமையாக எங்கும் கிடைக்கவில்லை. 2021-ல் அதன் நெருங்கிய சொந்தமான சாப்ரியாவின் மரபணுத் தொகுப்பைப் படித்தார்கள். அதிலும் இல்லை. சாப்ரியா வடகிழக்கு இந்தியக் காடுகளிலும் பூக்கும் செடி.

இங்கே ஒரு சிக்கல். ரேஷன் கார்டே இல்லாதவரின் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, செல்லின் இன்னொரு பகுதியான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏவைப் பார்க்கலாம் என்று ஆராய்ந்தார்கள். அதில் ஒரு மரபணு, 'ரஃப்ளீசியா அந்தத் திராட்சைக் குடும்பக் கொடிக்கே சொந்தம்' என்றது. அது பொய்சாட்சி! அந்த மரபணு, தான் ஒட்டியிருக்கும் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டது என்று 2004-ல் தெரியவந்தது. சாப்பாட்டோடு சேர்த்து மரபணுவையும் சுட்டிருக்கிறது.

பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில்தான் உண்மை வெளிவந்தது. ரஃப்ளீசியாவின் நெருங்கிய சொந்தங்கள் ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் எல்லாம் இருக்கும் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் பொடிப் பொடிப் பூக்கள்தான். சுமார் 4.6 கோடி ஆண்டுகளில் இந்த ஒரு கிளையில் மட்டும் பூவின் அகலம் 79 மடங்கு பெருகியது என்று அந்த ஆய்வு கணித்தது.

இதனால் நமக்கு என்ன?

முதலில் விவசாயம். புகையிலை, கத்தரி, தக்காளி வேரில் ஒட்டி வளரும் ஒரோபாங்கி என்ற களையை நம்ம ஊரில் 'புகையிலைக் காளான்' என்பார்கள். அது காளான் இல்லை. பச்சையைத் தொலைத்த ஒரு பூச்செடி. ஒளிச்சேர்க்கையைத் தடுத்துக் களையைக் கொல்லும் மருந்துகள் உண்டு. ஒளிச்சேர்க்கையே செய்யாத களையிடம் அவை எதைத் தடுக்கும்? மருந்து அடித்தால் பயிருக்குத்தான் ஆபத்து. மண்ணுக்கு மேலே அது தலைகாட்டும்போது வேரில் பாதிப்பும் ஏற்கெனவே நடந்திருக்கும்.

இதற்குச் சொந்தம், சோளத்தைத் தாக்கும் சுடுமல்லி. இது இன்னும் பச்சையாகவே இருக்கிறது. முன்பு இரண்டையும் வேறு வேறு குடும்பங்களில் வைத்திருந்தார்கள். குளோரோபிளாஸ்ட் மரபணு ஆய்வுகள்தான் இரண்டும் ஒரே குடும்பம் என்று காட்டின. இரண்டின் விதையும் பயிரின் வேரிலிருந்து கசியும் ரசாயனத்தை உணர்ந்த பிறகே முளைக்கும். அதனால் விதையை முளைக்க வைத்து, ஒட்ட வேர் கிடைக்காமல் சாகடிக்கும் பொறிப் பயிர் முறை சுடுமல்லிக்குப் பயன்படுகிறது.

அடுத்தது மருந்து. ஆயுர்வேதத்தில் 'ஆகாசவல்லி' என்ற ஒரே பெயரில் அம்மையார் கூந்தலையும் கொத்தானையும் குறிப்பிடுகிறார்கள். இரண்டிலும் உள்ள ரசாயனங்கள் வேறு. கொடியாக இருந்தால் காயைப் பார்த்துச் சொல்லிவிடலாம்: கொத்தானில் சதைப்பற்றான உருண்டைப் பழம், அம்மையார் கூந்தலில் உலர்ந்த சின்னக் காய். பொடியாக்கிவிட்டால்? டி.என்.ஏ சோதனைதான் வழி. செடிகளை அடையாளம் காண 2009-ல் உலக அளவில் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு மரபணுக்களும் குளோரோபிளாஸ்டில் இருப்பவைதான்.

இந்தக் கொடிகள் அந்த அளவுக்கு இன்னும் இழக்கவில்லை என்பதால் இவற்றில் அந்தச் சோதனை சாத்தியம். ரஃப்ளீசியாவிடம் போய்க் கேட்டால், காட்ட அதனிடம் கார்டே இல்லை!