இமேஜ் எடுத்தாச்சா?

சென்னை வானகரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வரும் வேலையில் பாதி, அயனம்பாக்கம், அத்திப்பட்டு தாண்டி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்னக் கம்பெனிகளுடையது. "டேலி டேட்டாவை தினமும் பென்டிரைவ்ல போட்டுடறோம் தம்பி, வேற என்ன பேக்கப்?" என்பார்கள் முதலாளிகள். கணக்கு பிழைத்துக்கொள்ளும், சரி. பட்டறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்?

அங்கே இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் அனுப்பும் சாஃப்ட்வேர் அதில்தான் இருக்கிறது. சிடி காணோம்; விற்றவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். ஹார்ட் டிஸ்க் போனால் மெஷினும் சும்மா நிற்கும்.

இமேஜ் இதற்குத்தான். விண்டோஸ், டிரைவர், செட்டிங், பூட் ஆகும் பகுதி என டிஸ்க் மொத்தத்தையும் அப்படியே சுருட்டி இன்னொரு டிஸ்க்கில் வைத்துவிடலாம். திரும்ப இறக்கினால் டெஸ்க்டாப்பில் ஐகான் இருந்த இடம்கூட மாறாது.

நான் தொழில் பழகியபோது இதை 'கோஸ்ட் போடறது' என்போம். நியூசிலாந்துக்காரர் முர்ரே ஹஸார்ட் எழுதிய கோஸ்ட்டை 1998-இல் சைமன்டெக் வாங்கியது. 2013-இல் நார்ட்டன் கோஸ்ட் விற்பனை நின்றது. இப்போது என் பென்டிரைவில் இருப்பது தைவானில் உருவான குளோன்ஸில்லா. காசு கிடையாது, அழகும் கிடையாது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும். ஆனால் காலி இடத்தை விட்டுவிட்டு நிரம்பிய பகுதியை மட்டும் எடுத்துச் சுருக்கி வைக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் 80 ஜிபிதான் இருக்கிறதென்றால், இமேஜ் அதற்கும் குறைவாகவே அடங்கிவிடும்.

கவனம் வேண்டியது ஒரே இடத்தில். திரையில் டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்றுதான் காட்டும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் காலி டிஸ்க்கை எடுத்து நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். பக்கத்தில் மாடலும் சீரியல் நம்பரும் வரும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு அதை ஒத்துப் பார்க்காமல் நான் என்டர் தட்டுவதில்லை.

பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுபவர்களும் வருகிறார்கள். உள்ளே 100 ஜிபிதான் இருந்தாலும் சின்ன டிஸ்க்கில் இறக்க குளோன்ஸில்லா லேசில் ஒத்துக்கொள்ளாது. முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும்.

எக்ஸ்பி சங்கதி வேறு. வேறு மதர்போர்டில் இறக்கினால் பெரும்பாலும் நீலத் திரைதான். அதனால் அதே மாடல் பழைய போர்டு ரிட்சி தெருவில் கிடைத்தால் ஒன்று வாங்கிப் போடச் சொல்வேன். "குப்பைக்குக் காசா?" என்று சிரிப்பார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. பேக்கப் டிஸ்க்கை சிபியு மேலேயே வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். இமேஜ் இருக்கும் டிஸ்க்கை முதலாளி வீட்டு பீரோவில் வைக்கச் சொல்கிறேன். அதற்கு முன், வேறொரு டிஸ்க்கில் இறக்கி, அதே கம்ப்யூட்டரில் மாட்டி, மெஷினுக்கு ஒரு புரோகிராம் அனுப்பிப் பார்ப்பேன். அது போய்ச் சேர்ந்தால்தான் பில் போடுவேன்.