துணியில் தைத்த வியாக்கியானம்

யோப்பாவில் தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவிடம் காட்டியவை அவள் செய்துகொடுத்த வஸ்திரங்களே (அப். 9:39). அவள் இன்னாள் என்பதற்கு அவளுடைய கைவேலை சாட்சியாயிற்று. எனினும் அவள் வாய்மொழி ஒன்றும் நமக்கு எட்டவில்லை. ஊசியால் தன்னை வெளிப்படுத்தி, தைத்ததற்குப் பொருளும் தானே உரைத்த வேறொரு பெண்மணியைக் குறித்து இங்கு எழுத விழைகின்றோம்.

ஹாரியட் பவர்ஸ் 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த போர்வைகளுள் இரண்டே இன்று எஞ்சியுள்ளன. முதலாவது, அம்மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1886-இல் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பருத்தித் துணியில் மனிதர், மிருகங்கள், நட்சத்திரங்களின் உருவங்களை வெட்டி ஒட்டுத்தையலிட்ட 11 கட்டங்கள் அதில் உள்ளன. ஏதேன் தோட்டம், காயீன் ஆபேலைக் கொல்லுதல், யாக்கோபின் சொப்பனம், கிறிஸ்துவின் ஞானஸ்நானம், யூதாசும் முப்பது வெள்ளிக்காசும், சிலுவை ஆகியன அவற்றுட் சில.

கண்காட்சியில் அதனைக் கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார், ஹாரியட் இசையவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வறுமை நெருக்கவே, தாமே 10 டாலர் விலை சொல்லி, கிடைத்த 5 டாலருக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கினார். வாங்கியவர் அதை எழுதிவைத்தார். விற்ற பின்னரும் போர்வையைக் காணச் சிலமுறை வந்துபோனார் என்பதை வாசிக்கையில் நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

இரண்டாம் போர்வையின் 15 கட்டங்களில் யோபு, யோனா, வெண்கலச் சர்ப்பம் ஆகியவற்றினருகே 1833-இல் நட்சத்திரங்கள் உதிர்ந்த இரவும், 1895-இன் கடுங்குளிரும் இடம்பெறுகின்றன. முன்னது அவர் பிறக்குமுன் நிகழ்ந்தது. பிறர் சொல்லக் கேட்டதைத் தைத்திருக்கிறார். திருமறையின் தேவன் தம் ஊரிலும் செயலாற்றியவர் என்பதே அவர் வியாக்கியானம் என்று நாம் கருதுகின்றோம். ஜார்ஜியாவினின்று வர்ஜீனியாவரை 500 மைல் ஓடிய பெட்ஸ் என்னும் பன்றியும் அங்கே உண்டு! மாணவர் நகைக்கலாம். அடிமைத்தனத்தை அறிந்தவருக்கு அவ்வோட்டம் நகைப்பாயிராது.

இப்போர்வை 1898-இல் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியின் தலைவர் சார்லஸ் கத்பர்ட் ஹாலுக்கு அன்பளிப்பாயிற்று. இவரே 1902-03-இல் இந்தியாவில் சொற்பொழிவாற்றியவர்.

ஹாரியட்டை எழுத்தறியாதவர் என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் எழுதிவந்தனர். 1896-இல் அவர் எழுதிய கடிதத்தின் படி ஒன்று பின்னர் வெளிவந்தபோது, அவர் வாசிக்கக் கற்றவர் என்பது தெரியவந்தது.

நம் சபைகளில் அறுப்பின் பண்டிகைதோறும் பெண்கள் பூவேலை செய்த விரிப்புகளை ஏலம் கூறுகின்றோம். தைத்தவர் யார், அவ்வுருவை ஏன் தெரிந்துகொண்டார் என்று கேட்பதில்லை. முன்னொருமுறை நாம் ஏலத்தில் எடுத்த மேசைவிரிப்பின் மூலையில் சிறு படகு ஒன்று உள்ளது. அதைத் தைத்த அம்மையாரிடம் நாமும் இன்னும் கேட்கவில்லை.