சந்தையை இழந்த நகரம்

மதுரை மாநகரின் மேற்குப் புறத்தில், வைகைக் கரையை ஒட்டி அமைந்த ஊர் கோச்சடை. முன்னாளில் வயல்கள் சூழ்ந்த சிற்றூராய் இருந்த அது, இந்நாளில் மாநகரின் ஒரு பகுதியாய் வளர்ந்துள்ளது. அங்கு வாழ்வோர் மேலக்கால் சாலை வழியே நாள்தோறும் நகரின் நடுப்பகுதிக்குச் செல்கின்றனர், பொருள் விற்கின்றனர், வேலை செய்கின்றனர், வேண்டியன வாங்கி மாலையில் வீடு திரும்புகின்றனர். அவர்களை இடைவழியில் தடுப்பார் எவரும் இலர். அச்சாலையின் நடுவே திடீரெனச் சுங்கச்சாவடி ஒன்று எழுவதாகக் கொள்க. கூடைக் காய்கறிக்கு வரி கேட்கப்படுகிறது; நகரில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கேட்கப்படுகிறது. என்ன நேரும்? காய்கறியின் விலை நகரில் ஏறும், வாங்குவோர் குறைவர். நகரிலிருந்து வரும் துணிக்கும் எண்ணெய்க்கும் ஊரார் மிகுதியாகக் கொடுக்க நேரும். சாவடியின் இருபுறத்தாரும் இழப்பு அடைவர்.

ஊர்களுக்கு இடையே இல்லாத இச்சாவடிகள் நாடுகளுக்கு இடையே உண்டு. சில நாடுகள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு அவற்றை நீக்கிவிடுகின்றன. அத்தகைய நாடுகளின் சேர்க்கையை வாணிகக் கூட்டமைப்பு என்பர். வரித்தடையின்றிப் பொருள்கள் சென்று வரும் அதன் பரப்பைப் பொதுச் சந்தை என்பர். பொதுச் சந்தையால் விளையும் நன்மை எளிதில் விளங்கக் கூடியதே. ஓர் இயந்திரத்தின் விலை ஓர் இலட்சம் ரூபாய் என்று கொள்க. அதனைக் கொண்டு ஆயிரம் பொருள்கள் மட்டும் செய்தால், ஒவ்வொன்றின் மீதும் நூறு ரூபாய்ச் சுமை ஏறும். இலட்சம் பொருள்கள் செய்தாலோ, ஒரு ரூபாய்தான் ஏறும். இலட்சம் பொருள்கள் விற்க வேண்டுமாயின் பரந்த சந்தை வேண்டும். ஆதலின், சிறிய நாட்டிற்குப் பொதுச் சந்தை பெருந்துணையாகும். அத்துணையை இழந்த நகரம் எத்தகைய நிலையை அடையும் என்பதற்குத் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் சிங்கப்பூரின் வரலாறே சான்றாகும்.

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வரியற்ற துறைமுகம் ஒன்றை நிறுவினர். மலாயாவின் இரப்பரும் வெள்ளீயமும் அதன் வழியே உலகெங்கும் சென்றன. பிறர் பொருளை வாங்கிப் பிறருக்கு விற்கும் இடைநிலை வாணிகமே அந்நகரின் வாழ்வாய் இருந்தது. ஆனால், மக்கள் தொகை பெருகப் பெருக, துறைமுகம் தரும் வேலை போதவில்லை. தொழிற்சாலைகள் வேண்டும் என்னும் கருத்து வலுத்தது. ஏறத்தாழ 18 இலட்சம் மக்களே வாழ்ந்த தீவிற்குள் செய்யும் பொருள் அனைத்தையும் விற்றுவிட இயலாது. ஆதலால், 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியக் கூட்டரசில் இணைந்தபோது, பொதுச் சந்தையை உருவாக்கும் ஏற்பாடும் அவ்வுடன்பாட்டில் இடம்பெற்றது. அச்சந்தை முழு உருப்பெறும் முன்னரே அரசியல் வேற்றுமைகள் முற்றின. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்து தனிநாடாயிற்று.

பிரிவின் விளைவுகள் விரைவில் தோன்றின. இரு நாடுகளும் ஒன்றன் பொருள்களுக்கு மற்றொன்று தடைகள் விதித்தன. பெரிய சந்தையை நம்பித் தொடங்கப்பெற்ற தொழில்கள் சிறிய சந்தையோடு நின்றன. இந்தோனேசியாவும் 1963ஆம் ஆண்டு முதலே பகைமையால் வாணிகத்தை நிறுத்தியிருந்தது. வேலை தேடுவோருள் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேர் வேலையின்றி இருந்த காலம் அது. குடிநீருக்கும் நகரம் எல்லைக்கு அப்பாலுள்ள ஜோகூரையே பெரிதும் நம்பியிருந்தது.

வாணிகத் தடை சரக்குகளோடு நிற்கவில்லை. மக்களின் வாழ்விலும் புகுந்தது. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. ஒரு குடும்பத்தில் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலும் வாழ்தல் அங்கு இயல்பாய் இருந்தது. 1967ஆம் ஆண்டு முதல் அப்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை ஏற்பட்டது. அதே ஆண்டில் இரு நாடுகளின் நாணயங்களும் வெவ்வேறாயின. குடியுரிமை பெறாதோர் சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. நேற்று வரை அண்டை ஊரார் எனப்பட்டோர் அயல்நாட்டார் ஆயினர்.

இந்நிலையில் வேறோர் இடரும் வந்தது. சிங்கப்பூரில் இருந்த தன் படைத்தளங்களை மூடிவிடப் போவதாக 1968ஆம் ஆண்டு சனவரியில் பிரிட்டன் அறிவித்தது. நாட்டு வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது. அங்கு வேலை பார்த்தவருள் தமிழரும் மலையாளிகளும் பலர். குடியுரிமை இல்லாத காரணத்தால், வேலை இழந்த பின் தாயகம் திரும்பியோர் பலராவர். 1957ஆம் ஆண்டில் நூற்றுக்கு 9 பேராய் இருந்த இந்தியர் தொகை, 1970ஆம் ஆண்டில் 7 பேராய்க் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் சோர்ந்துவிடவில்லை. அருகிலுள்ள சந்தை மூடினால் தொலைவிலுள்ள சந்தையை நாட வேண்டும் என்று அதன் தலைவர்கள் துணிந்தனர். மேற்குப் பகுதியில் சதுப்பு நிலமாய்க் கிடந்த ஜூரோங்கில் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1961ஆம் ஆண்டில் தோன்றிய பொருளியல் வளர்ச்சிக் கழகம் அயல்நாட்டு நிறுவனங்களை அழைத்து வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சருமான சி. இராசரத்தினம், உலகம் முழுவதையும் தன் பின்னிலமாகக் கொள்ளும் நகரமாய்ச் சிங்கப்பூர் விளங்க வேண்டும் என்னும் கருத்தை 1972ஆம் ஆண்டில் விளக்கினார். அப்போதே ஆலைகளில் ஆள் பற்றாக்குறை தோன்றத் தொடங்கியிருந்தது.

இவ்வெற்றிக்கு உரிய விலையைத் தொழிலாளர் செலுத்தினர் என்பதையும் மறத்தல் ஆகாது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் விடுமுறை நாள்களைக் குறைத்தது. அவ்வாண்டின் தொழிலுறவுச் சட்டத் திருத்தம் முதலாளிகளின் உரிமைகளை விரிவாக்கியது. மேலும், ஆழ்ந்த துறைமுகமும் கப்பல் வழிகளின் சந்திப்பும் எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, சிங்கப்பூர் உய்ந்தது கொண்டு, பிரிவு எவர்க்கும் தீங்கு செய்யாது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

அண்மைக் காலத்தில் இலண்டன் மாநகரும் இத்தகைய மாற்றத்தைக் கண்டது. 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலக முடிவு செய்தது. இலண்டனில் வாக்களித்தோருள் பத்தில் ஆறு பேர் ஒன்றியத்தில் நீடிக்கவே விரும்பினர். எனினும், நாட்டின் முடிவு நகரையும் கட்டுப்படுத்திற்று. அங்கிருந்த ஐரோப்பிய மருந்து முகமை 2019ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிற்கும், ஐரோப்பிய வங்கி ஆணையம் பாரிசிற்கும் இடம்பெயர்ந்தன. 2021ஆம் ஆண்டு சனவரி முதல் கால்வாயைக் கடக்கும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தேவைப்பட்டன. பெரிய நிறுவனங்கள் அவ்வேலைக்குத் தனியே ஆள் அமர்த்தின. சிறு வணிகரோ தாமே அச்சுமையைத் தாங்கினர்.

தனிமரம் தோப்பாகாது என்பது பழமொழி. பிரிந்த சிங்கப்பூரும் 1967ஆம் ஆண்டில் மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளோடு சேர்ந்து தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பை நிறுவியது. 1992ஆம் ஆண்டில் அக்கூட்டமைப்பு தடையற்ற வாணிகத்திற்கு வழி வகுக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ஒரு சந்தையினின்றும் விலகுவதற்கு நாடுகளுக்கு உரிமை உண்டு. சில வேளைகளில் விலகாமல் இருக்கவும் இயலாது. ஆனால், அம்முடிவின் சுமை முதலில் இறங்குவது கூலியாளர் தோளிலும், சிறு வணிகர் கடையிலும், எல்லையால் பிரிக்கப்பட்ட குடும்பத்தின் வாயிலிலுமே ஆகும். அச்சுமையை முன்னரே எண்ணிப் பார்த்து, அதைத் தாங்குவோர்க்கு மாற்றுவழி காட்டுவதே நல்லாட்சியின் கடமை.