புட்வால்வில் வீணாகும் மோட்டார் சக்தி

குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில், ஆழமில்லாத கிணற்றில் மோட்டார் வைத்துத் தென்னைக்கும் வாழைக்கும் இறைப்பவர்கள் பம்புக்குச் சிரமமே இல்லை என்று நினைப்பதுண்டு. ஆனால் ஆழமில்லாத கிணற்றில்தான் புட்வால்வின் குறை பெரிதாக அடிக்கிறது. மொத்தம் 40 மீட்டர் உயரம் ஏற்றும் பம்பில் உறிஞ்சு குழாய்ப் பக்கம் ஒன்றரை மீட்டர் வீணானால் அது நூற்றுக்கு நாலு பங்குகூட ஆகாது. 6 மீட்டரே ஏற்றும் பம்பில் அதே நஷ்டம் கால் பங்கு!

பம்பு தண்ணீரை இழுப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் கிணற்று நீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது சுமார் 10.3 மீட்டர் உயர நீருக்குச் சமம். நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. அந்த 6 மீட்டரிலும் அடைத்த வலையும் குறுகிய வால்வும் பங்கு கேட்டால், பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போல் சத்தம் வரும், தண்ணீர் குறையும், நாளடைவில் இம்பெல்லர் அரித்துப் போகும். குளிர்சாதன கம்ப்ரசரிலும் இதே கதைதான். உறிஞ்சும் வழி இறுக்கமானால் உள்ளே வரும் வாயு குறைகிறது, மின்சாரம் மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

வினாடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 3 அங்குலக் குழாயில் போனால் வேகம் 2 மீட்டர். எதிர்ப்பு எண் 5 உள்ள மட்டமான புட்வால்வு இந்த ஓட்டத்தில் ஒரு மீட்டர் உயரத்தை விழுங்கிவிடும். எண் 0.8 உள்ள நல்ல வால்வில் போவது 16 சென்டிமீட்டர் மட்டுமே. 1980களில் குஜராத்தில் எஸ்.எம். படேல் போன்றோர் பம்பு செட்டுகளைச் சீர்திருத்திக் காட்டியபோது முதலில் கை வைத்தது புட்வால்விலும் குழாயிலும்தான். 1986ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10805, இந்த எண் 0.8க்கு மேல் போகக்கூடாது என்கிறது.

நல்ல வால்வு செய்வது பெரிய வித்தையல்ல. மூடி முழுவதும் திறந்து ஒதுங்க இடம் கிடைக்கும்படி உடலை வயிறு பெருத்ததாக வார்க்க வேண்டும். வாய்க்கு நடுவே குறுக்குச் சட்டம் கூடாது. வலைத் துளைகளின் மொத்தப் பரப்பு குழாய் வாயைப் போல மூன்று மடங்காவது இருப்பது நலம். சாதாரண வார்ப்படப் பட்டறையிலேயே இது ஆகும். கடையில் கையில் எடுத்ததும் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். எடை கனத்திருப்பதைத் தரத்துக்கு அடையாளமாகக் கொள்ள வேண்டாம்.

குழாயிலும் கவனம் வேண்டும். இரண்டரை அங்குலத்துக்குப் பதில் 3 அங்குலம் போட்டால் உராய்வு நஷ்டம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும். கடற்காற்றில் துருவேறும் இரும்புக் குழாயைவிட வழுவழுப்பான பி.வி.சி. மேல். கூர் எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவுள்ள பெண்ட் போட வேண்டும். குழாய் பம்பை நோக்கி ஏறியே செல்ல வேண்டும், நடுவில் காற்று தங்க இடம் தரக்கூடாது. மணல் கிணறானால் புட்வால்வை அடியிலிருந்து ஓரடியாவது உயர்த்தி, நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்றடி மூழ்கியிருக்கும்படி நிறுத்தலாம்.

மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லையே என்று இதை விட்டுவிடலாகாது. மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் தென்னை மூடுகளுக்கெல்லாம் தண்ணீர் எட்டுமா என்பதே கேள்வி. டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கோ கணக்கு பையிலேயே தெரியும்.

மாற்றும் முன்பும் பின்பும் 200 லிட்டர் டிரம்மை நிரப்ப எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளவும். பாரம் குறைந்து ஓட்டம் கூடும்போது சில பம்புகளில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். எனவே எலெக்ட்ரீஷியனை வைத்து அதையும் பார்த்துவிட வேண்டும். கடலோரக் கிணறுகளில் கூடுதலாகக் கிடைக்கும் நீரைக் கொண்டு மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதிகம் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும்.