மூளையில் வைக்கும் 'சிப்' போன பேச்சைத் திருப்பித் தருமா?

 

உடம்பு முழுதும் செயலிழந்து பேச்சும் போன ஒருவர், மூளையில் 'சிப்' வைத்த பிறகு கம்ப்யூட்டர் வழியாகத் தன் வீட்டாரோடு பேசுகிறார். இப்படி ஒரு வீடியோ நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நமது அலுவலகத்துக்கு வந்து விசாரிப்பவர்கள் பலர். "இது நிஜம்தானா? எங்கள் வாப்பாவுக்கும் வைக்க முடியுமா? எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். நகையை விற்றாவது செய்துவிடலாம் என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. நகை கைமாறுவதற்கு முன்னால் விஷயத்தை முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

வீடியோவில் காட்டுவது பொய்யல்ல. ஆனால் அது யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படாது என்பதை அந்த இரண்டு நிமிட வீடியோ சொல்வதில்லை.

ஒருவர் 'தண்ணீர்' என்று கேட்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லைத் தேடி எடுப்பது மூளையின் ஒரு பகுதி. நாக்கை மேலே தூக்கு, உதட்டைத் திற, குரல்வளையை அதிரவிடு என்று தசைகளுக்குக் கட்டளை போடுவது இன்னொரு பகுதி. கட்டளை மூளையின் அடித்தண்டு வழியாக இறங்கி, நரம்புகளில் ஓடி, முகம், நாக்கு, தொண்டை, நெஞ்சு ஆகியவற்றில் உள்ள ஏறத்தாழ 100 தசைகளைப் போய்ச் சேர்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் அசைந்தால்தான் 'தண்ணீர்' என்ற ஒலி வெளியே வரும். நாம் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும் இந்த வேலை எவ்வளவு பெரிய நிஃமத் என்பது அது போன வீட்டாருக்குத்தான் தெரியும்.

பேச்சு போவதற்குப் பல வழிகள் உண்டு. அடித்தண்டில் ரத்த அடைப்பு வந்தால் கட்டளை போகிற பாதையே துண்டிக்கப்படுகிறது. ஏ.எல்.எஸ். என்ற நோயில், தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகின்றன. இந்த இரண்டிலும் நோயாளிக்குச் சொல் மறக்கவில்லை. சொல்ல வேண்டியது அவருக்குள்ளே முழுதாக இருக்கிறது. மின்நிலையம் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் கம்பி அறுந்து கிடப்பதைப் போன்ற நிலை அது. மூன்றாவது வகை வேறு. மூளையில் சொற்களைத் தேடி எடுக்கும் பகுதியே பழுதாகிவிடுவது. இதை மருத்துவர்கள் 'அஃபேசியா' என்பார்கள். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் வலது கை, வலது கால் விழுந்து, கூடவே பேச்சும் குழறுகிறவர்களிடம் இதைப் பார்க்கலாம்.

வீடியோவில் உள்ள கருவி முதல் இரண்டு வகையினருக்கானது. கம்பி அறுந்த இடத்துக்கு மேலேயே, கட்டளை பிறக்கும் இடத்தில், காதை வைத்துக் கேட்பதுதான் அதன் வேலை. சொல்லைத் தேடும் பகுதியே பழுதானவருக்கு இது இன்றைய நிலையில் உதவாது. நம்மிடம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, தங்கள் வீட்டு நோயாளி எந்த வகை என்பதையே.

இனி அந்தக் கருவியைப் பற்றி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஏ.எல்.எஸ். நோயால் கைகால் செயலிழந்து, பேச்சும் யாருக்கும் புரியாத அளவுக்குக் குழறிப்போன 45 வயது மனிதர் ஒருவருக்கு 2023 ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் டேவிட் பிராண்ட்மேன் என்ற நரம்பியல் அறுவை நிபுணர் செய்தார். பட்டாணியை விடச் சிறிய நான்கு தகடுகள், ஒவ்வொன்றிலும் 64 மின்முனைகள், ஆக மொத்தம் 256. பேச்சுக் கட்டளை பிறக்கும் இடத்தில் அவற்றைப் பதித்தார்கள். மண்டை ஓட்டின் வழியாக வெளியே வரும் இணைப்பு ஒயர் மூலம் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

அவர் பேச முயலும்போது நரம்பு செல்கள் எழுப்பும் சிறு மின்துடிப்புகளைக் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. இது 'ப' ஒலிக்கான முயற்சி, இது 'ம' ஒலிக்கானது என்று ஒலி ஒலியாகப் பிரிக்கிறது. பிறகு அந்த ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்கி, சொற்களைக் கோத்து வாக்கியமாக்கித் திரையில் காட்டுகிறது. நம் செல்போனில் இரண்டு எழுத்து அடித்ததும் அடுத்த சொல்லை அதுவே ஊகித்துக் காட்டுகிறதல்லவா, அதே தந்திரம் இங்கேயும் உதவுகிறது. கடைசியில் வாக்கியம் குரலாக ஒலிக்கிறது. அந்தக் குரல் அவருடைய பழைய குரல்! நோய் வருவதற்கு முன் அவர் பேசிய பதிவுகளைக் கொண்டு அதைத் தயார் செய்திருந்தார்கள்.

முதல் நாள் 50 சொற்களை வைத்துச் சோதித்தார்கள். அரை மணி நேரப் பயிற்சியிலேயே 99.6 சதவீதம் சரியாக வந்தது. அடுத்து 1,25,000 சொற்கள். ஒரு சாதாரண மனிதர் வாழ்நாளில் பேசும் சொற்களெல்லாம் இதில் அடக்கம். சில மாதங்களில் 100 சொல்லுக்கு 97க்கு மேல் சரியாக வந்தன. நிமிடத்துக்குச் சுமார் 32 சொற்கள் என்ற வேகத்தில், 248 மணி நேரத்துக்கு மேல் அவர் இப்படிப் பேசியிருக்கிறார். முதல் முறை, தான் சொல்ல நினைத்த சொல் திரையில் வந்து நின்றபோது அவர் அழுதுவிட்டார் என்றும், சுற்றி நின்றவர்களும் அழுதார்கள் என்றும் ஆய்வுக் குழுவின் விஞ்ஞானி செர்கே ஸ்டாவிஸ்கி சொல்லியிருக்கிறார். 2024 ஆகஸ்ட்டில் இந்த முடிவுகள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ ஏட்டில் வந்தன. 2025இல் அதே குழு, சொல்லாக மாற்றக் காத்திராமல், நினைத்த கணத்தில், ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில், நேரடியாகக் குரலாகவே ஒலிக்கச் செய்து காட்டியது. கேள்வி கேட்கும்போது குரல் ஏறுகிறது, அழுத்திச் சொன்னால் அழுத்தம் தெரிகிறது. ஆனால் அப்படி வந்த சொற்களில் கேட்டவர்களுக்குப் புரிந்தது 100க்கு 60தான். இன்னும் தூரம் இருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் டாக்டர் எட்வர்ட் சாங் குழுவினர் வேறு வழியில் போகிறார்கள். மூளைக்குள் ஊசியாக இறக்காமல், காகிதம் போல மெல்லிய தகட்டை மூளையின் மேற்பரப்பில் பரப்பிவிடுவது அவர்கள் முறை. 2021இல் அவர்கள் தொடங்கியபோது 50 சொற்கள் மட்டும், நிமிடத்துக்கு 15 சொல், அதிலும் நான்கில் ஒன்று தவறு. 2023இல் 253 மின்முனைகள் கொண்ட தகடு. அதை வைத்துக்கொண்ட பெண்மணி ஒரு பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். 30 வயதில், கைக்குழந்தை இருக்கும்போது, அடித்தண்டில் பக்கவாதம் வந்து 18 ஆண்டுகள் பேச்சின்றி இருந்தவர். அவருடைய மகள் தாயின் குரலைக் கேட்டு வளரவில்லை. ஒரு கருவியின் இயந்திரக் குரலைத்தான் தாயின் பேச்சாக அறிந்திருந்தாள். அந்தப் பெண்மணி தன் திருமணத்தில் பேசிய பேச்சின் பதிவு இருந்ததால் பழைய குரலை மீட்க முடிந்தது. நிமிடத்துக்கு 78 சொற்கள் வரை எட்டினார். நாம் சாதாரணமாகப் பேசும் வேகத்தில் இது பாதி. ஆனாலும் நான்கில் ஒரு சொல் தவறாகவே வந்தது.

எலான் மஸ்க்கின் 'நியூராலிங்க்' இதுதானா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. அந்த நிறுவனம் 2024 ஜனவரியில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தியது. அவர் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஆனால் அவருக்குப் பேச்சு போகவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறியை நகர்த்தவே அது பயன்பட்டது.

நம் ஹஜ்ரத் ஒருவர் கேட்ட கேள்வி இதைவிடக் கூர்மையானது. "மனதில் ஓடுவதையெல்லாம் இந்தக் கருவி வெளியே கொட்டிவிடுமா?" மனதில் வந்துபோகும் எண்ணம் வேறு, வாயால் சொன்ன சொல் வேறு என்று நம் மார்க்கம் பிரித்து வைத்திருக்கிறது. அதனால் இது வீண் கேள்வி அல்ல. மேலே சொன்னவர்களின் கருவிகள், பேச வாயெடுத்து முயலும்போது வரும் கட்டளையையே படிக்கின்றன. ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்ட ஆய்வில், வாயெடுக்காமல் மனதுக்குள் சொல்லிக்கொள்வதையும் ஓரளவு படிக்க முடிந்தது. அவர்களே அதற்குப் பூட்டும் செய்தார்கள். பயனாளி ஒரு ரகசியத் தொடரை முதலில் மனதில் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். அந்தத் தொடரை அது 98 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் கண்டது. பூட்டின் சாவி நோயாளியின் கையில் இருக்க வேண்டும், வீட்டாரின் கையிலோ கம்பெனியின் கையிலோ அல்ல என்பதே நமது கருத்து.

இதை ஒட்டி இன்னொன்று. பேச இயலாதவரின் தெளிவான சைகையை நிகாஹிலும் கொடுக்கல் வாங்கலிலும் ஃபிக்ஹ் சட்டம் ஏற்கிறது. ஆனால் 100க்கு மூன்று சொல் தவறும் கருவி 'கொடு' என்பதைக் 'கொடாதே' என்று காட்டிவிட்டால்? டேவிஸில் வாக்கியம் சரியா தவறா என்பதை அந்த மனிதர் கண்ணசைவால் உறுதி செய்ய வழி வைத்திருந்தார்கள். வஸிய்யத், சொத்து போன்ற விஷயங்களில் அப்படி ஓர் உறுதி இல்லாமல் இயந்திரம் சொன்னதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது விலை. இந்தக் கருவிகளுக்கு விலை இல்லை, காரணம் இவை விற்பனைக்கு இல்லை. எல்லாம் ஆராய்ச்சி நிலையில், விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம், விஞ்ஞானிகளின் கண்காணிப்பில் நடப்பவை. மண்டையைத் திறக்கும் சிகிச்சை என்பதால் ரத்தக்கசிவும் கிருமித் தொற்றும் வரும் ஆபத்து உண்டு. மேலே சொன்ன சாதனைகள் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழ் பேச வேண்டுமானால் தமிழ் ஒலிகளையும் சொற்களையும் வைத்துத் தனியாகப் பழக்க வேண்டும். எனவே 'வெளிநாட்டுச் சிப் வைத்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று எவர் வந்தாலும் கட்டாதீர்கள். முறையான ஆய்வில் நோயாளியிடம் லட்சக்கணக்கில் கேட்க மாட்டார்கள்.

காசு செலவில்லாமல் இன்றே வீட்டில் செய்யக்கூடியது உண்டு

ஃபிரான்ஸில் ழான் தொமினிக் போபி என்ற பத்திரிகை ஆசிரியர் 1995இல் பக்கவாதத்தில் விழுந்தார். அசைந்தது இடது கண் இமை மட்டும். ஒருவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்தில் இமைத்து, ஒரு முழுப் புத்தகத்தையே சொல்லி எழுதவைத்தார். அவர் படுக்கையில் கிடந்த அந்த நாட்களில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் புரிந்துகொண்டும் இருந்தார். நம் வீடுகளிலும் அப்படிக் கிடப்பவர் பக்கத்தில் நின்று "இவருக்கு ஒன்றும் புரியாது" என்று சொல்வதையும், சொத்துப் பாகம் பேசுவதையும் பார்க்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதலில் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டையும் நிலைப்படுத்துங்கள். மேலே பார்த்தால் ஆம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. அடித்தண்டு பாதித்தவர்களுக்குக் கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்து அட்டை. தமிழின் 247 எழுத்தையும் எழுதினால் யாரும் களைத்துவிடுவார்கள். ஓர் அட்டையில் வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு என்று மூன்று வரிசை, கீழே உயிரெழுத்து பன்னிரண்டு ஒரு வரிசை. அவ்வளவுதான். வல்லினமா என்று கேளுங்கள், மேலே பார்க்கிறார். க், ச், ட், த்... 'த்' வந்ததும் மேலே பார்க்கிறார். பிறகு உயிர் வரிசையில் 'அ'. 'த' கிடைத்துவிட்டது. அடுத்து மெல்லினத்தில் 'ண்' வந்தால் தண்ணீர் என்று ஊகித்துக் கேட்கலாம். ஆனால் அவர் ஆம் சொல்லும் வரை ஊகத்தை முடிவாக்காதீர்கள். உம்மா வேறெதையோ சொல்ல வந்திருக்கலாம். வேகம் குறைவுதான், பழகப் பழகக் கூடும். பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டினால் நோயாளியின் நிலைக்கேற்ப மாற்றித் தருவார். அஃபேசியா உள்ளவருக்கு எழுத்து அட்டை பயன்படாமல் போகலாம். அவருக்குப் படங்கள் வைத்த அட்டையும் தொடர்ந்த பயிற்சியும் வேண்டும்.

ஏ.எல்.எஸ். போலப் பேச்சு மெல்லப் போகும் நோய் என்று தெரிந்தால், குரல் தெளிவாக இருக்கும்போதே செல்போனில் நிறையப் பேசிப் பதிந்து வையுங்கள். அமெரிக்காவில் அந்த இருவருக்கும் பழைய குரல் கிடைத்தது, பதிவு இருந்ததால்தான்.

திடீரென ஒருவருக்கு வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் காத்திருக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போடுவார்கள். 108க்கு அழைத்து, மூளை ஸ்கேன் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள்.

மேலே சொன்னபடி எழுத்து அட்டைகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகோ, மற்ற நாட்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலோ அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. நேரில் வர இயலாத தாய்மார்கள் தகவல் அனுப்பினால் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறோம்.