ஒரே முறையில் மந்திரமும் வாளும்

சென்ற கோடை விடுமுறையில், திருச்சுழியில் ஒரு நண்பர் இல்லத்துத் திண்ணையில் நாம் ஐவர் கூடி, 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டை ஆடி வந்தோம். குண்டாற்றில் மணலன்றி நீர் காணாத காலம். கரிசலில் கோடையுழவும் முடிந்திருந்தது. மாலையில் வேறு அலுவலில்லை. ஏழாம் நாள் ஆட்டத்தின் நடுவே ஒரு வழக்கு எழுந்து, அருப்புக்கோட்டை நண்பர் தம் பகடைகளை எடுத்துக்கொண்டு பேருந்தேறிப் போய்விட்டார். மந்திரம் பயின்ற வீரன் ஒருவன் தன் முறை வரும்போது மந்திரத்தையும் ஏவி, வாளாலும் பன்முறை வெட்டலாமோ என்பதே அவ்வழக்கு. நம் விடுதியிலும் இவ்வாட்டம் பரவி வருதலின், அதனை விளக்கி எழுதுதல் நலமெனக் கருதினோம்.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். அமெரிக்க நாட்டினரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய இவ்விளையாட்டு 1974-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார்; ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஆளுக்கொரு வேடம் பூண்டு அக்கதையினுள் நடப்பர். செயல் கைகூடுமோ கூடாதோ என்பதை இருபது முகமுடைய பகடை தீர்க்கும். போர் மூண்டால் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. எல்லாருடைய முறையும் ஒரு சுற்று வந்து முடிவது கதையினுள் 6 வினாடியாகும்.

நிற்க. அந்த 6 வினாடிக்குள் ஒருவன் செய்யத்தக்கது எவ்வளவு? நூல் அளிப்பது ஒரு 'ஆக்‌ஷன்', அஃதாவது ஒரு முதல்வினை. சிறப்புத் தகுதி வாய்ந்தார்க்கு அதனோடு ஒரு 'போனஸ் ஆக்‌ஷன்', அஃதாவது ஓர் உபவினை. இவற்றின் வேறுபாட்டை அருப்புக்கோட்டைத் தறிக்குழி அருகே நின்று பார்த்தால் எளிதில் அறியலாம். நெசவாளர் கால் மிதியை அழுத்துகிறது. கை நாடாவை ஓட்டுகிறது. இரண்டும் ஒரே ஓட்டத்தில் நிகழினும், காலின் வேலையைக் கை செய்வதில்லை. ஒரு மிதிக்கு நாடா இருமுறை ஓடுவதுமில்லை. முதல்வினையும் உபவினையும் அத்தகையனவே.

இனி, பலர் இடறும் இடத்துக்கு வருவோம். ஐந்தாம் படிநிலை எய்திய போர்வீரன் தாக்குதலை முதல்வினையாகக் கொண்டால், ஒன்றுக்கு இரண்டாக வெட்டலாம். பதினோராம் படிநிலையில் மூன்று. இருபதாம் படிநிலையில் நான்கு. ஆனால் இச்சலுகை 'தாக்குதல்' என்னும் வினையைத் தேர்ந்தவனுக்கே உரியது. மந்திரம் ஏவுதல் தனியான வேறொரு வினை. ஆகையால் மந்திரத்தைத் தேர்ந்தவனுக்கு அம்மூன்று வெட்டுகளும் இல்லையாகும். தன் மந்திரம் பகைவனைத் தாக்கியதே, அதுவும் தாக்குதல்தானே என வாதிப்போர் உளர். சொல் ஒன்றாயினும் வினை வேறென்க.

இத்தடையைத் தளர்த்தப் பிறந்தவனே 'எல்ட்ரிச் நைட்' எனப்படும் மந்திரவீரன். நம் திண்ணைவழக்கும் இவனாலேயே விளைந்தது. ஐந்தாம் பதிப்பின் முதல்நூல் 2014-ஆம் ஆண்டிலும், அதனைத் திருத்திய நூல் 2024-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முதல்நூலின்படி, ஏழாம் படிநிலை மந்திரவீரன் முதல்வினையால் 'கான்ட்ரிப்' என்னும் சிறுமந்திரம் ஒன்றை ஏவினால், உபவினையால் ஒரே ஒரு வெட்டு வெட்டலாம். திருத்திய நூலோ, தாக்குதல்வினையில் உள்ள வெட்டுகளுள் ஒன்றை விடுத்து அவ்விடத்தில் சிறுமந்திரத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. உபவினையும் அவனுக்குச் செலவாவதில்லை.

இதனாலாகும் வேற்றுமையைக் கணக்கிட்டுக் காட்டுவோம். பதினோராம் படிநிலை மந்திரவீரனுக்கு வலிமையால் வரும் மிகுதி 4 என்க. எண்முகப் பகடையின் சராசரி 4½ ஆதலின், வாள்வெட்டு ஒன்றுக்கு 8½. அப்படிநிலையில் 'பயர் போல்ட்' என்னும் தீமந்திரத்துக்குப் பத்துமுகப் பகடை மூன்று, சராசரி 16½. எல்லாம் குறிதவறாமற் பட்டால், மந்திரமின்றி மூன்று வெட்டுக்கு 25½; முதல்நூலின்படி மந்திரமும் ஒரு வெட்டுமாக 25; திருத்திய நூலின்படி மந்திரமும் இரு வெட்டுமாக 33½. பழைய நூலில் மந்திரம் கற்றும் பயனில்லை என்று அருப்புக்கோட்டை நண்பர் பலநாள் நொந்துகொண்டது வீணன்று. ஆயினும் தீமந்திரத்தின் குறி அறிவைப் பொறுத்தது, வாளின் குறி வலிமையைப் பொறுத்தது. இரண்டையும் வளர்த்த வீரன் அரியன்.

ஒன்றை விடுத்து ஒன்றை வைக்கும் இவ்வழி 2024-இல் புதிதாகத் தோன்றியதன்று. 'பிளேடுசிங்கர்' என்னும் மந்திரவாதி வகுப்புக்கு 2020-ஆம் ஆண்டு நூலொன்றிலேயே அது வழங்கப்பட்டது. பெருமந்திரங்களோ எளிதில் இடங்கொடா. பதினெட்டாம் படிநிலையில்தான், இரு வெட்டுகளை விடுத்து முதலிரு தரத்து மந்திரமொன்றை ஏவத் திருத்திய நூல் இசைகிறது. 'ஆக்‌ஷன் சர்ஜ்' என்னும் ஆற்றலால் கூடுதலாக ஒரு முதல்வினை பெற்றவன், ஒன்றை மந்திரத்துக்கும் மற்றொன்றை வெட்டுகளுக்கும் செலவிடலாம். அக்கூடுதல் வினையையே மந்திரத்துக்குச் செலவிடுதலைப் பழைய நூல் தடுக்கவில்லை, புதியது தடுக்கிறது.

நீடித்து நிற்கும் மந்திரங்களில் இன்னோர் இடரும் உண்டு. மனம் ஒருமித்திருக்கும் வரையே அவை நிற்கும். அடிபட்டால் 10, அல்லது பட்ட அடியில் பாதி, இவற்றுள் பெரியதைப் பகடையால் எட்டாவிடில் கலைந்துபோம். நம்மவர்க்கு இது புதிய செய்தியா? நிகும்பலையில் இந்திரசித்தின் வேள்வி முற்றுமுன் இலக்குவன் புகுந்து கலைத்ததும், பரசுராமர் சாபத்தால் கர்ணனுக்கு வேண்டிய வேளையில் அத்திரமந்திரம் மறந்ததும் நாம் சிறுவயதிலிருந்தே கேட்டவை. கதை கேட்ட பிள்ளைகள் இவ்விதியை ஒரே மாலையில் கற்றுக்கொண்டார்கள். வினைகளின் கணக்கைக் கற்க ஒரு கிழமை ஆயிற்று.

வழக்குக்கு மீள்வோம். அன்று நடுவராயிருந்தது நாமே. நம் கையிலிருந்தது 2014-ஆம் ஆண்டு நூல். தீமந்திரமும் இரு வெட்டும் என்று நண்பர் சொல்ல, இல்லாத விதியைக் கற்பித்து ஏய்க்கின்றீர் என்று நால்வர் கேட்கச் சொல்லிவிட்டோம். "அண்ணே, நான் படித்ததைத்தான் சொன்னேன்" என்றார், அதற்கும் செவிகொடுத்தோமில்லை. அவர் படித்தது திருத்திய நூல் என்பது, அவர் போன மூன்றாம் நாள், வேறொருவரிடம் அந்நூலை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆட்டம் தொடங்குமுன் எந்த நூல் என்று ஐவரும் பேசி முடிவுசெய்யாதது நடுவரின் பிழை. மறுநாட் காலை அருப்புக்கோட்டைக்குச் சென்று அவர் வீட்டுவாயிலில் அதைச் சொன்னோம். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

நின்றுபோன போரில் பகைவனுக்கு மிஞ்சியிருந்த உயிர்ப்புள்ளி 31 எனத் தாளோரத்தில் குறித்துவைத்திருந்தோம். அடுத்த சனிக்கிழமை, திருத்திய நூலை நடுவில் வைத்து, அந்த 31-லிருந்தே தொடங்கினோம். தீமந்திரம் குறி தவறியது; இரு வெட்டும் பட்டன.